காவலரின் ஐயமும் தலைவரின் கடமையும்

உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருந்தது. கொலைக்களக் காதையை முடித்து நூலை மூடும் வேளையிற் பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், பாண்டியன் பிழைவிட்டான் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். ஆனால் கோவலனை வெட்டியவன் பாண்டியன் அல்லனே! அங்கே இத்தனை காவலர் நின்றார்களே, ஏன் ஒருவரும் தடுக்கவில்லை?" என்று கேட்டான். விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. நாளை சொல்லுகிறேன் என்று கூறி வந்துவிட்டேன்.

வீடு திரும்பிய பின்னும் அவ்வினா என்னை விடவில்லை. காப்பியத்தைப் பற்றிய வினாவாக அது தொடங்கினாலும், நம்மூர்ப் பொலிஸ் நிலையத்தையும் மறியற்சாலையையும் நீதிமன்றத்தையும் பற்றிய வினாவாக அது வளர்ந்துவிட்டது. அம்மாணவனுக்குச் சொல்ல எண்ணியவற்றை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

மதுரையில் நிகழ்ந்தது

நிகழ்ச்சியை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே முறைப்பாட்டுக்காரனாய் வருகின்றான். ஊடல் கொண்ட தேவியின் மாளிகைக்கு விரைந்துகொண்டிருந்த மன்னன், வழியிலே நின்றபடி அவன் சொல்லைக் கேட்கின்றான். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, எழுத்து இல்லை. ஊர்க்காவலரை அழைத்து, சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருமாறு வாய்மொழியாகக் கட்டளையிட்டுப் போய்விடுகின்றான்.

இனி வருவதே நம் மாணவர் பலர் கவனியாது விடும் பகுதி. காவலர் கோவலனைக் கண்டதும் உடனே வாளை ஓங்கவில்லை. இவன் முகத்திலும் இருப்பிலும் கள்வனுக்குரிய குறி ஒன்றும் இல்லையே என்று அவர்களுள் ஒருவன் ஐயுறுகின்றான். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று ஒரு பெரிய சொற்பொழிவே நிகழ்த்துகின்றான். இன்னோர் இளைஞன், தான் முன்பு ஒரு கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்லி, நாம் இதனைச் செய்யாவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்வது என்று கலங்குகின்றான். அவர்கள் இவ்வாறு தயங்கி நிற்கையிலேதான், கல்வியறிவில்லாத, கள்வெறி கொண்ட ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

ஆகவே அங்கே ஐயம் இல்லாமற் போகவில்லை, ஐயுற்றவனும் இருந்தான். அந்த ஐயம் அரசன் செவியைச் சென்றடைய வழி இல்லாமற் போனதே கோவலன் உயிரைக் கொண்டுபோயிற்று. "மன்னரிடம் திரும்பிச் சென்று ஒருமுறை கேட்டுவருவோம்" என்று சொல்லும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. அத்துணிவு வராமைக்குக் காரணம் அவர்தம் கோழைத்தனம் மட்டுமன்று. திரும்பிச் சென்று கேட்பவனைக் காக்கும் ஒழுங்கு ஒன்றும் அவ்வரசிலே அமைந்திருக்கவில்லை.

இதுவும் ஒரு கல்வித்துறை

இவ்வொழுங்கைப் பற்றி ஆராயும் கல்வியை இக்காலத்தார் குற்றவியல் நீதி நிர்வாகம் என்பர். பொலிஸ், வழக்குத் தொடுநர், நீதிமன்றம், சிறைச்சாலை, நன்னடத்தைப் பிரிவு ஆகிய நிறுவனங்கள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன, அவற்றின் தலைவர்கள் எவ்வாறு தெரிவுசெய்யப்படுகின்றனர், கட்டளை எவ்வாறு கீழிறங்குகின்றது, முறைப்பாடு எவ்வாறு மேலேறுகின்றது என்பனவே அதன் பாடங்கள். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஆளைத் தெரிவதற்கு ஓர் அதிகாரமும், தெரிந்தவனிடம் வினையை ஒப்படைப்பதற்கு ஓர் அதிகாரமுமாக வள்ளுவர் வகுத்தமையை எண்ணினால், இத்துறை நமக்குப் புதியதன்று என்பது விளங்கும்.

மேனாட்டில் இதனைக் கல்விக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பேர்க்கிலி நகரின் பொலிஸ் தலைவராய் இருந்த ஓகஸ்ற் வொல்மர். 1908ஆம் ஆண்டிலேயே தம் பொலிசாருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். பொலிஸ் வேலைக்கும் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்று வாதாடினார். 1938இல் செஸ்ரர் பேர்ணாட் என்பார் நிறுவனத் தலைமை பற்றி எழுதிய நூலில், கட்டளைக்கு அதிகாரத்தைத் தருவது அதனை ஏற்கின்ற கீழ்நிலையாளரின் மனமே என்று காட்டினார். 1980இல் மைக்கேல் லிப்ஸ்கி இன்னும் ஒருபடி சென்று, அரசின் கொள்கை என்பது தலைமையகத்தில் எழுதப்படுவதன்று, வீதியில் நிற்கும் கான்ஸ்ரபிள் போன்ற கடைநிலை உத்தியோகத்தர் நாள்தோறும் செய்யும் முடிவுகளே மக்கள் காணும் கொள்கை என்றார். இவ்விருவர் கூற்றையும் மதுரைக் காவலரோடு பொருத்திப் பாருங்கள். மன்னன் சொல்லைக் கொலையாக்கியது அக்கடைநிலையாளன் ஒருவனுடைய வாளேயன்றோ?

விதானையாரும் பொலிசும்

இலங்கையின் பொலிஸ் அமைப்புக்கு அடிப்படையானது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். 1866 செப்ரெம்பர் 3ஆந் திகதி ஜி. டபிள்யூ. ஆர். கம்பல் பதவியேற்றதிலிருந்தே இத்திணைக்களம் தன் வயதைக் கணக்கிடுகின்றது. அக்காலத்துப் பிரித்தானியரிடம் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, 1829இல் றொபேட் பீல் லண்டனில் அமைத்த பொலிஸ். மக்களுள் ஒருவராய் நின்று மக்களின் இணக்கத்தோடு காவல் செய்வது. மற்றொன்று அயர்லாந்தில் அமைந்தது. ஆயுதம் தாங்கிப் பாசறையில் இருந்து ஆட்சியைக் காப்பது. குடியேற்ற நாடுகளுக்கு அவர்கள் பெரும்பாலும் கொண்டுசென்றது இரண்டாவதையே.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே நெடுங்காலம் காவலின் முதற்படியாய் விளங்கியவர் விதானையார். அவருக்குச் சட்டப்படி பொலிஸ் அதிகாரம் சிலவும் உண்டு. அவரிடமும் குறைகள் இருந்தன. உறவு, சாதி, செல்வாக்கு என்பன அவர் முற்றத்தில் நியாயத்தைச் சாய்த்ததும் உண்டு. ஆயினும் அவர் வீடு எது என்பது ஊரார் அனைவருக்கும் தெரியும். அவர் மொழியே ஊரார் மொழி. 1963இல் கிராமத் தலைமைக்கார முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். காவல் அலுவல் முழுவதும் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பாயிற்று. அந்நிலையத்தின் மேலதிகாரம் கொழும்பில் இருந்தது. ஊரார் ஐயத்துக்கும் தலைவர் செவிக்கும் இடையிலிருந்த தூரம் இவ்வாறு நீண்டது.

மறுத்தவருக்கு நேர்ந்தது

1955இல் இலங்கைப் பொலிசின் தலைவராக ஒஸ்மண்ட் டி சில்வா நியமிக்கப்பட்டார். பொலிஸ் சேவையினுள்ளிருந்தே படிப்படியாக உயர்ந்து பொலிஸ் மா அதிபர் ஆகிய முதல் இலங்கையர் அவர். 1959இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க விரும்பிய ஒரு நடவடிக்கை சட்டத்துக்கு அமையாதது என்று கருதியமையால், அதனை நிறைவேற்ற அவர் மறுத்தார். மதுரையிலே எவரும் செய்யாததை இவர் செய்தார். ஐயத்தை மேலே கொண்டுசென்று உரியவரிடமே சொன்னார்.

அதற்குக் கிடைத்த பரிசு யாது? அவர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். அவருடைய ஆசனத்தில் வோல்டர் அபேக்கோன் என்னும் சிவில் சேவை அதிகாரி அமர்த்தப்பட்டார். அவர் பொலிஸ் சேவையில் ஒருநாளும் இருந்தவரல்லர்.

ஒருவரின் பதவி போனதோடு இவ்விடயம் முடிந்துவிடவில்லை. பொலிஸ் கட்டளைச் சட்டம், உத்தியோகத்தர் கீழ்ப்படிய வேண்டியது சட்டப்படி பிறப்பிக்கப்பட்ட கட்டளைகளுக்கே என்கின்றது. சட்டத்தின் அச்சொல்லை நம்பி மறுத்தவரைக் காக்க ஒரு நிறுவனமும் அன்று இருக்கவில்லை. ஒரு தலைவர் சட்டத்தை நம்பி வீழ்வதை அவருக்குக் கீழுள்ள ஆயிரக்கணக்கானோர் கண்டனர். அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் எதுவாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

முற்றவெளியின் இரவு

யாழ்ப்பாணத்தார் மறக்கவொண்ணாத ஓர் இரவு 1974 ஜனவரி 10ஆந் திகதிக்குரியது. நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிப் பொதுநிகழ்ச்சி அன்று. வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத பெருந்திரள் முற்றவெளிப் பக்கத்தில் அமைதியாக அமர்ந்து அறிஞருரை கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கலைக்கப் பொலிசார் உட்புகுந்தனர். குண்டாந்தடியும் கண்ணீர்ப் புகையும் பயன்பட்டன. வானை நோக்கிச் சுடப்பட்டது. மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின.

அரசாங்கம் விசாரணைக்குழு அமைக்காமையால் யாழ்ப்பாணத்துப் பிரசைகள் தாமே ஒரு குழுவை அமைத்தனர். உயர் நீதிமன்ற நீதியரசர்களாய் இருந்து ஓய்வுபெற்ற ஓ. எல். டி கிறெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் அதில் அமர்ந்து சாட்சிகளைக் கேட்டனர். பொலிசாரின் நடவடிக்கை நியாயமற்றது, அளவு கடந்தது என்பதே அவர்களின் முடிவு. ஆனால் அக்குழுவுக்கு ஒருவரையும் பதில்சொல்ல வைக்கும் அதிகாரம் இல்லை.

நிர்வாகம் கற்கும் மாணவன் இந்நிகழ்ச்சியிலே கேட்கவேண்டிய வினாக்கள் பல. திரள் மண்டபத்துக்கு வெளியே அமர்ந்தபோது, ஏற்பாட்டாளரோடு இருந்து பேசித் தீர்க்கும் பொறுப்பு எவருடையது? உட்புகும்படி ஆணையிட்டவர் பெண்களும் குழந்தைகளும் வெளியேறும் வழியை எண்ணிப் பார்த்தாரா? வரிசையில் நின்ற கான்ஸ்ரபிள்களுள் ஒருவனுக்காவது, இக்கூட்டம் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே என்ற ஐயம் எழுந்திருக்குமானால், அதனை அவன் யாரிடம், எந்த மொழியிற் சொல்லியிருப்பான்?

ஏழு ஆண்டுகள் கழித்து, 1981 யூன் 4இல் நடைபெறவிருந்த மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்கெனப் பொலிசார் பெருந்தொகையாக வெளியிடங்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மே 31இல் தேர்தற் கூட்டமொன்றிற் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து அவர்களிற் பலர் கட்டவிழ்ந்து நகரை எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களோடு நமது பொதுசன நூலகமும் சாம்பலாயிற்று. ஊரறியாத, மொழியறியாத ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து, அதனை அடக்கும் தலைமையைக் கொண்டுவராமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்லி ஆறிக்கொள்ளுகின்றோம். அந்த வேலியைக் கட்டியவர் யார், எப்படிக் கட்டினார் என்று கேட்பதே அறிவுடைமை.

உச்சியில் ஒரு தமிழர்

"நம்மவர் ஒருவர் தலைவராய் இருந்திருந்தால்!" என்று பெருமூச்செறிவோர் உளர். அவர்கள் நினைக்கவேண்டியது ஒன்று. 1982 முதல் 1985 வரை இலங்கையின் பொலிஸ் மா அதிபராய் இருந்தவர் ருத்திரா ராஜசிங்கம் என்னும் தமிழர். 1983 யூலைக் கலவரம் மூண்டது அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேயே. தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்த பல இடங்களிற் பொலிசார் வாளாவிருந்தனர். இதனை அவர்தம் தனிப்பட்ட குறையாகச் சொல்ல நான் வரவில்லை. மேலே இருப்பவர் நல்லவராயினும், நம்மவராயினும், அவருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள படிகள் உடைந்திருக்குமானால் அவர் சொல் கீழே வாராது. கீழுள்ளார் துயர் மேலே போகாது. தலைமை என்பது ஓர் ஆசனமன்று. அவ்வாசனத்திலிருந்து தெருமுனை வரைக்கும் உள்ள ஏணி முழுவதும் அதுவே.

சட்டம் கட்டிய படிகள்

இவ்வுண்மை நாட்டுக்கு மெல்ல மெல்லவே உறைத்தது. நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியவற்றை அரசியலாளர் கையிலிருந்து எடுத்துத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க 2001இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் வழிசெய்தது. பொதுமக்கள் பொலிசார்மீது முறையிடும் உரிமையும் அதனோடு வந்தது. ஆயின் 2010இல் 18ஆம் திருத்தம் அதன் வலிமையைக் குறைத்தது. 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் குறைத்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் மீட்டது. இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து முறை ஒரே படியைக் கட்டுவதும் இடிப்பதுமாக இருந்தோம்.

எனினும் கட்டியது வீண்போகவில்லை. 2024 பெப்ரவரியில் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்ட தேசபந்து தென்னகோன், அந்நியமனத்தை எதிர்த்த மனுக்களின்மேல் அவ்வாண்டு யூலையிலே அப்பதவியிற் செயலாற்றாதவாறு உயர் நீதிமன்றத்தால் இடைநிறுத்தப்பட்டார். பின்னர் 2002ஆம் ஆண்டின் பதவிநீக்கச் சட்டப்படி விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. குற்றச்சாட்டுகள் எழுத்திலே தரப்பட்டன. அவர் தரப்பும் கேட்கப்பட்டது. 2025 ஓகஸ்ட் 5ஆந் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவிநீக்கியது.

1959ஐயும் 2025ஐயும் அருகருகே வைத்து நோக்குக. முன்னையதில் ஒரு பிரதமரின் அதிருப்தியே போதுமாயிற்று. மறுத்தவர் வீட்டுக்குப் போனார். பின்னையதில் மனு, நீதிமன்றம், விசாரணை, வாக்கெடுப்பு என்று ஒவ்வொரு படியாக ஏறவேண்டியிருந்தது. இப்படிகள் பிழை செய்தவரை நீக்குவதற்கு மட்டும் உரியனவல்ல. நாளை நேர்மையான ஒருவர் ஒரு கட்டளையை மறுப்பாராயின், அவரைக் காப்பனவும் இவையே.

ஒரு சிறு பெட்டி

பெரிய சட்டங்களே வேண்டும் என்பதில்லை. சில வேளை ஒரு சிறு பெட்டி போதும். 1993 மே மாதத்தில் டெல்லியின் திகார்ச் சிறைக்குத் தலைவராகக் கிரண் பேடி வந்தார். அப்பொழுது அங்கே ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். சிறையின் கொள்ளளவோ அதிற் சிறு பங்கே. பெரும்பாலோர் தண்டனை பெற்றவரல்லர். விசாரணை முடியும்வரை காத்திருப்போர். அவர் செய்த மாற்றங்களுள் ஒன்று, நாள்தோறும் சிறையெங்கும் கொண்டுசெல்லப்படும் பூட்டிய மனுப்பெட்டி. கைதி ஒருவன் தன் குறையை எழுதி அதனுள் இடலாம். காவலர் அதனைத் திறக்கமுடியாது. மனு நேரே தலைவரிடம் போகும்.

அப்பெட்டி செய்தது யாது? அடித்த காவலனிடமே அடிபட்டவன் முறையிடவேண்டிய அவலத்தை நீக்கியது. சிறையில் நிகழ்வதைத் தலைவர் அறியாதிருக்க முடியாதபடியும் செய்தது. 1994இல் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒருங்கே விபாசனா தியானம் பயின்றதை உலகம் வியந்து பேசிற்று. மக்சேசே விருதும் அவ்வாண்டு அவரைத் தேடி வந்தது. தியானத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். எனக்கோ அப்பெட்டியே பெரிதாகத் தோன்றுகின்றது. 1995இல் அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒருவரது ஆர்வத்தால் வந்தது அவரோடு போகாதிருக்க வேண்டுமாயின், அது ஒழுங்காகவும் விதியாகவும் எழுதி வைக்கப்படவேண்டும்.

மீண்டும் பாண்டிநாட்டில்

பாக்கு நீரிணைக்கு அப்பால், நமக்கு மிக அண்மையிலுள்ள இராமநாதபுரத்தில், 1993இல் பிரதீப் பிலிப் என்னும் பொலிஸ் அதிகாரி "காவல்துறை நண்பர்கள்" என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர் பொலிசோடு இணைந்து பணிசெய்தால் அச்சம் நீங்கி நம்பிக்கை வளரும் என்பது நோக்கம். பின்னர் அது தமிழகமெங்கும் பரவிற்று.

2020 யூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்திலே, ஊரடங்கு வேளையிற் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டின்மேல் ஒரு தந்தையும் மகனும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாட்களுள் இருவரும் இறந்தனர். நிலையத்திலிருந்து மருத்துவரிடமும், மருத்துவரிடமிருந்து நீதவானிடமும், நீதவானிடமிருந்து சிறைக்கும் அவர்கள் சென்றிருந்தனர். எந்தப் படியும் அவர்களைக் காக்கவில்லை. "காவல்துறை நண்பர்கள்" சிலர்மீதும் குற்றச்சாட்டு எழ, யூலையிலே தமிழக அரசு அவ்வமைப்பைத் தடைசெய்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கியதும் கண்காணிப்பாரின்றி விடப்பட்டாற் கெட்டுப்போகும் என்பதற்கு இது சான்று.

ஆயின் இம்முறை கதை அங்கே நின்றுவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கைத் தானாகவே கையில் எடுத்தது. விசாரணைக்கு ஒரு நீதவானை அனுப்பியது. பொலிஸ் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைத்தது. அந்நிலையத்திற் கடமையில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், அன்றிரவு தாம் கண்டதை நீதவான்முன் சாட்சியமாகச் சொன்னார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பளிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

மாணவர்களே, இதனை ஊன்றிக் கவனியுங்கள். கோவலனைச் சூழ்ந்து நின்ற காவலருள் ஐயுற்றவனுக்கு இல்லாத ஒரு வாயில், அதே மதுரையிலே இப்பெண்மணிக்கு இருந்தது. அவருடைய துணிவு பெரிது. அத்துணிவைக் கேட்கவும் காக்கவும் ஒரு மன்றம் இருந்தமையும் அதே அளவு பெரிது. இரண்டில் ஒன்று இல்லையாயின் மற்றது பயன்படாது.

மொழி என்னும் முதற்படி

நம் யாழ்ப்பாணத்தில் ஏணியின் முதற்படி மொழியே. கணவனால் அடிக்கப்பட்ட ஒரு பெண் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுகின்றாள் என்று கொள்வோம். அவள் தமிழிற் சொல்லுவதை எழுதுபவர் வேறு மொழியில் எழுதினால், தான் கையொப்பமிடுவது எதற்கு என்பதை அவள் அறியமாட்டாள். அவள் சொல்லாதது எழுதப்பட்டிருக்கலாம், சொன்னது விடுபட்டிருக்கலாம். பின்னர் நீதிமன்றத்திலே சட்டத்தரணி அவ்வெழுத்தைக் காட்டி, முன்பு இவ்வாறன்றோ சொன்னாய் என்று கேட்கும்போது அவள் திகைத்து நிற்பாள்.

வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழே என 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் விதித்துள்ளது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் வெளியான தன் அறிக்கையிலே, முறைப்பாட்டுக்காரர் தமக்கு விருப்பமான மொழியில் வாக்குமூலம் அளிக்க வகைசெய்யவேண்டும் என்றும், பொலிஸ் நிலையங்களில் எந்நேரமும் இருமொழி தெரிந்தவர் இருத்தல்வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சட்டம் இருக்கின்றது, பரிந்துரையும் இருக்கின்றது. அந்த மேசையில் அமர்ந்து தமிழில் எழுதுவதற்கு ஆள் வேண்டுமன்றோ? அந்த ஆள் எங்கிருந்து வருவார்?

பெற்றோருக்கும் மாணவருக்கும்

இங்கேதான் பெற்றோரிடம் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. பொலிஸ் என்றதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. மேலே சொன்ன நிகழ்ச்சிகளை நேரிற் கண்டோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். "வைத்தியம் படி, பொறியியல் படி, அந்தப் பக்கம் மட்டும் போகாதே" என்று சொல்லும் தாயை நான் குறைகூறேன். ஆயினும் நம் பிள்ளைகள் எவரும் அந்தப் பக்கம் போகாவிட்டால், அந்த மேசையில் என்றும் வேறு யாரோதான் அமர்ந்திருப்பர்.

சேருவோர் வெறும் உடற்பலத்தோடு சேர்ந்தாற் போதாது; கற்றுச் சேரவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சட்டத்துறை உண்டு. முகாமைத்துவ பீடமும் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திற் குற்றவியல் கற்பிக்கப்படுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை 1965இலிருந்து இயங்குவது. வேலூரிலே சிறை அதிகாரிகளுக்கென 1979இல் நிறுவப்பட்ட கல்விக்கழகம், தென்னிந்திய மாநிலங்களின் சிறை உத்தியோகத்தருக்குப் பயிற்சி அளிக்கின்றது. பொலிஸ் உத்தியோகம் மட்டுமே வழி என்பதுமில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர், சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தர், மத்தியஸ்த சபை உறுப்பினர், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் விசாரணையாளர் என்று அவ்வேணியிற் படிகள் பல உள. ஒவ்வொரு படிக்கும் ஆள் வேண்டும்.

அவர்கள் கற்கவேண்டிய முதற்பாடம் எது என்று கேட்பின், கட்டளையிடுவது எப்படி என்பதன்று. கட்டளையிட்டபின் காதைத் திறந்து வைத்திருப்பது எப்படி என்பதே. கைதுசெய்யப்பட்டவரை இருபத்துநான்கு மணி நேரத்துள் நீதவான்முன் கொண்டுசெல்லவேண்டும் என்று நம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் விதித்தது எதற்காக? பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் கூறியது எதற்காக? தன் கையிலுள்ள அதிகாரத்தையே ஐயுறும் அறிவு சட்டத்துக்கு இருந்தமையால் அன்றோ! அந்த அறிவு தலைவனுக்கும் வேண்டும்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றதும் அம்மாணவன் ஆவலோடு என்னைப் பார்த்தான். "தம்பி, அக்காவலருள் ஒருவன் ஐயுற்றான், ஆனால் திரும்பிச் சென்று கேட்க அவனுக்கு வழி இருக்கவில்லை" என்றேன். அவன் சற்றே எண்ணிவிட்டு, "அப்படியானால் அந்த வழியை அமைக்காதது பாண்டியன் பிழைதானே சேர்?" என்றான்.

ஆம், அது பாண்டியன் பிழையே. பிழையை உணர்ந்ததும் அவன் அரியணையிலேயே உயிர் துறந்தான். நம் காலத்துத் தலைவர்கள் உயிர் துறக்கவேண்டாம். கீழே நின்று ஐயுறுபவன் ஏறிவரப் படியொன்றை அமைத்துத் தந்தாற் போதும்.